இருநூற்றுப் பத்து லீடர்

நான் டென்மார்க்குக்குப் போகப்போகிறேன் என்று நம்பினேன். எழுதும்போதே காது சூடாகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, பங்குனி மாதம். அலுவலகத்திலிருந்து வந்த ஆணையில் ஒரே வரி: “டென்மார்க் குழுவுடன் மூன்று நாள் பயணம் செல்ல மொழிபெயர்ப்பாளராகத் தாங்கள் நியமிக்கப்பட்டுள்ளீர்கள்.” இருபது வருஷமாக மொழிபெயர்ப்புப் பிரிவில் நாற்காலி தேய்த்தவன் நான். அந்த ஒரு வரியை மட்டும் எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

மனைவி சரோஜா வாங்கிப் படித்தாள். “பாஸ்போர்ட்டே இல்லாம எப்படிங்க அனுப்புவாங்க?”

“அதெல்லாம் ஆபீஸ் பாத்துக்கும்.”

“மூணு நாள்ல போய்ட்டு வந்துட முடியுமா?”

“ப்ளேன்ல போறோம் சரோஜா. பால் வண்டியிலயா போறோம்?”

மரூன் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் காசிக்குப் போட்டுக்கொண்டு போன குரங்குக் குல்லாவை இரவல் கொடுத்து, வரும்போது ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வரச் சொன்னார். தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. ஒரு பெண்மணி நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். மெட்ராஸ் வெயிலில் சூட்கேஸும் குல்லாவுமாக ஆட்டோ ஏறினேன்.

அலுவலக வாசலில் மேலதிகாரி என்னையும் சூட்கேஸையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னய்யா, மூணு நாளைக்கு இவ்வளவு பெரிய பெட்டி? அந்தம்மா டென்மார்க்லேர்ந்து வந்து ரெண்டு நாளாச்சு. ஸ்ரீபெரும்புதூர் டிராவலர்ஸ் பங்களாவுல இருக்காங்க. பஸ்ஸைப் பிடிச்சுப் போய்ச் சேரு. குழுன்னு போட்டிருந்தோம், கூட வந்தவங்க வேற ஜில்லாவுக்குப் போய்ட்டாங்க. இவங்க ஒருத்தர்தான்.”

பிராட்வேயில் பஸ் ஏறினேன். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் அதே தெருவுக்கு, அதே திருநீறோடு, ஒரு மணி நேரத்தில் எப்படித் திரும்புவது? செம்பரம்பாக்கம் ஏரி ஜன்னலில் நீலமாக விரிந்தபோது, எப்படியோ கடல் கடந்தாயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் ஒன்றிரண்டு மாதத்தில் உலகத்து ரேடியோக்களிலெல்லாம் ஒலிக்கப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அது பஸ் நடத்துனர் மட்டும் கத்தும் பெயராக இருந்தது.

இங்கர் என்பது அந்த அம்மாவின் பெயர். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பனைமர உயரம், ஆண்பிள்ளைச் செருப்பு, முன்கை இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. பங்களா வராந்தாவில் இட்லியை சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோர் மிளகாயை முறுக்கு மாதிரி கடித்தார். நான் தண்ணீரை நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

நாங்கள் போகவேண்டிய இடம் ஒரகடத்தைத் தாண்டி, வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே பெண்களே நடத்தும் பால் கூட்டுறவுச் சங்கம். அதைப் பார்த்து, உதவி செய்யலாமா என்று அவர் முடிவு செய்யவேண்டும். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசவேண்டும். அலுவலகம் தட்டச்சு செய்த கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்திருந்தது. முதல் கேள்வியே, “பெண் லீடர்கள் எத்தனை பேர்?” பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துவிட்டேன். பின்னால் வந்த வினையெல்லாம் அந்த மனப்பாடத்தால் வந்ததுதான்.

ஒரகடம் கூட்டு ரோட்டில், எங்களை ஏற்றி வந்த அரசாங்க ஜீப் நின்றுபோனது. டிரைவர் பானெட்டைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார். “பழைய வண்டி சார், சூடாச்சுன்னா குந்திக்கும்” என்றார். ரோட்டோரம் ஏதோ கம்பெனிக்கென்று நீளமாகக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். உள்ளே இன்னும் வேர்க்கடலைச் செடி. அந்தக் கம்பெனியின் நிழலுக்குக்கூட ஒதுங்க முடியாமல் அரை மணி நேரம் நின்றோம். பிறகு ஒரு பால் லாரி வந்தது. இங்கர் கையைக் காட்டி நிறுத்தி, பின்பக்கம் தாவி ஏறி, காலி கேன் ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தார். நான் சூட்கேஸை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு ஏறினேன். சரோஜாவிடம் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. பால் வண்டிதான்.

சங்கம் என்பது ஓடு வேய்ந்த ஒற்றை அறை. வாசலில் தராசு, அளவைகள், கேன்கள். தலைவி கன்னியம்மா நாற்பது வயதுக்காரர். கட்டையான உருவம், கண்ணில் மட்டும் எப்போதும் ஒரு குறும்பு. என் பெட்டி இறங்கும்போது பூட்டு தெறித்து ஸ்வெட்டர் வெளியே எட்டிப் பார்த்தது.

“இது இன்னாத்துக்கு சார்? ஐஸ் கம்பெனிக்குப் போறீங்களா?”

நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஊரில் ‘டென்மார்க் சார்’ என்று பெயர்.

கன்னியம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். “காலைல லாரி நேரத்துக்கு வந்துடுது சார். சாயங்காலந்தான் ரெண்டு மணி நேரம் லேட்டு. வெயில்ல பாலு புளிச்சிப் போவுது, ரிட்டன் வருது. பாலைக் குளுர வெக்கிற தொட்டி ஒண்ணு இருந்தா பொழச்சிக்குவோம். இல்லன்னா பக்கத்தூரு ஆம்பளைங்க சங்கத்தோட எங்களைச் சேத்துடுவாங்களாம். அங்க ஒரு வூட்டுக்கு ஒரு பேருதான், அதுவும் ஆம்பளை பேருல. மாடு மேய்க்கிறது நாங்க, கறக்கிறது நாங்க. பேரு மட்டும் அவங்களுது.”

இதை நான் நன்றாகவே மொழிபெயர்த்தேன். இங்கர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நாளை மறுநாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார், அவர் முன்னால் முடிவு சொல்வதாகச் சொன்னார். அதுவரை எல்லாம் ஒழுங்கு. அப்புறம்தான் சீம்பால் வந்தது.

அந்த வாரம் ஒரு வீட்டில் மாடு கன்று ஈன்றிருந்தது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்து, கத்தியால் துண்டு போட்டுக் கொண்டுவந்தார்கள். இங்கர் ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். “எங்கள் ஊரில் இந்தப் பாலில் தோசை மாதிரி வார்ப்போம்” என்றார். நான் இரண்டாவது கிண்ணத்தோடு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிழலுக்குப் போனேன். மூன்றாவது கிண்ணமும் அங்கேயே வந்து சேர்ந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், இங்கரும் கன்னியம்மாவும் நான் இல்லாமலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கர் பேசியது ஆங்கிலம், தமிழில் தருகிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என் காதில் விழுந்தபடியே தருகிறேன்.

“ஆக மொத்தம் இருநூற்றுப் பத்து லீடர்!”

“எஸ், எஸ்” என்றார் கன்னியம்மா. “மார்னிங் ஷிப்டு ஒன் ட்வென்ட்டி. ஈவினிங் ஷிப்டு நைன்ட்டி.”

“மாலையில் தொண்ணூறு லீடர்?”

“ஈவினிங் வேஸ்ட்டு மேடம். ஹீட்டு.” மூக்கைச் சுளித்துக் காட்டினார்.

“அடடா! தொண்ணூறு லீடர் வெயிலில் கெட்டுப்போவதா!” இங்கர் வருத்தமாகக் குறித்துக்கொண்டார்.

கேள்வித்தாளின் முதல் கேள்வி கண்முன் வந்து நின்றது. அந்த அம்மா கேட்டது தலைவி எத்தனை பேர் என்று. இந்த அம்மா லிட்டர் என்று நினைத்துப் பால் கணக்கைச் சொல்லிவிட்டார். இருநூற்றுப் பத்து தலைவிகள்! அதில் தொண்ணூறு பேர் வெயிலில் கெட்டுப்போகிறவர்கள்!

அப்போதே கேட்டுத் திருத்தியிருக்கலாம். திருத்தினால், மொழிபெயர்ப்பாளன் அந்த நேரத்தில் எங்கே இருந்தான் என்ற கேள்வி வரும். கிண்ணத்தோடு இருந்தான்.

திரும்பும்போது ஜீப் பிழைத்துக்கொண்டது. வழியில் இங்கர் வயலைப் பார்த்தபடி சொன்னார்: “எங்கள் பக்கத்தில் சங்கம் ஆரம்பித்தபோது முப்பது லீடர், நாற்பது லீடர்தான். இருநூற்றுப் பத்து என்பது பெரிய விஷயம்.” சற்று நேரம் கழித்து, “மாலை லீடர்தான் என் கவலை. உடனுக்குடன் குளிர வைக்க வேண்டும்.”

சாயங்காலமானால் சூடாகிவிடும் தொண்ணூறு பெண்களையும், அவர்களை ஒரு தொட்டியில் இறக்கிக் குளிர வைக்கும் இங்கரையும் நான் மனக்கண்ணில் பார்த்தேன். “ஆமாம் மேடம், ரொம்ப அவசியம்” என்றேன்.

இரண்டாம் நாள் இங்கர் பால் குளிர்விக்கும் நிலையத்தைப் பார்க்கக் காஞ்சிபுரம் போய்விட்டார். அங்கே ஆங்கிலம் தெரிந்தவர்கள் உண்டு, எனக்கு விடுமுறை. நல்ல மனிதன் என்றால் படுத்துத் தூங்கியிருப்பான். நான் பஸ் பிடித்து வல்லக்கோட்டையில் இறங்கினேன். முருகன் சன்னதியில் நின்று, “அப்பனே, இருநூற்றுப் பத்து தலைவிகளை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்?” என்று கேட்டேன். பின்னால் நின்றவர், “கொஞ்சம் நவுந்து வேண்டிக்க சார், எங்களுக்கும் கோரிக்கை கீது” என்றார். நகர்ந்தேன். அங்கிருந்து நடந்தே ஊருக்குப் போனேன்.

கன்னியம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சலோமி என்ற பெண் புல்லுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது, கணவர் பெங்களூர் லாரி ஓட்டுபவர். முந்தின நாள் முழுக்க அந்தப் பெண் வாயைத் திறந்து நான் கேட்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். கன்னியம்மா தவிட்டுக் கையோடு முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“இருநூத்திப் பத்து தலைவியா! ஊர்ல மொத்தப் பொம்பளைங்களே அவ்ளோ தேற மாட்டோமே சார்!”

“சங்கத்துல எத்தனை பேர்?”

“அறுவத்தி நாலு.”

“மீதி?”

“மீதிக்கு மாடுங்கதான் கீது.”

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. அறுபத்து நாலு பெண்களோடு கறவை மாடுகளையும் கூட்டினால் எவ்வளவு வரும் என்று ஒரு கணம் நிஜமாகவே கணக்குப் போட்டேன்.

“நெசத்தச் சொல்லிடலாமே சார். அந்தம்மா நல்லவங்களாத்தான் தெரியறாங்க.”

“சொன்னா, முதல் கேள்விக்கே பொய் சொன்ன சங்கம்னு எழுதிடுவாங்க அம்மா. தொட்டி போச்சு. அப்புறம் பக்கத்தூர் சங்கம்தான்.”

அது எவ்வளவு நிஜம் என்று எனக்கே தெரியாது. பயந்தவன் வாயில் எல்லாம் நிஜம் மாதிரியே வரும். கன்னியம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அதைப் போக்கியவன் நான்.

“இன்னா செய்யணும்ன்றீங்க?”

“அறுபத்து நாலு பேரையாவது தலைவி ஆக்கிடுவோம். யாரு தலைவின்னு கேட்டா, எல்லாரும் எழுந்து ‘ஐ ஆம் லீடர்’னு சொல்லணும். மீதிப் பேர் வெளியூர் போயிருக்காங்கன்னு நான் சமாளிச்சுக்கறேன்.”

“எல்லாரும் தலைவின்னா சிரிப்பாங்களே சார்.”

“டென்மார்க்ல அப்படித்தான்” என்றேன், போய் வந்தவன் மாதிரி.

சாயங்காலம் பால் ஊற்ற வந்தவர்களை வரிசையில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தேன். ஒவ்வொருவராக வாய் பழகினார்கள். நாள் முழுக்க லிட்டர், அரை லிட்டர் என்று சொல்லிப் பழகிய வாய். லீடர் என்று அதில் நுழையவே இல்லை.

“அய்யாம் லிட்டரு.”

“லீ... டர். நீட்டிச் சொல்லுங்க.”

“லீ... லிட்டரு.”

சலோமியின் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு, “அய்யாம் ஆப் லிட்டரு சார், எனக்கு ஒரு மாடுதான்” என்றார். கூட்டமே புரண்டு சிரித்தது. நான் மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது கன்னியம்மா சொன்னார்: “கேட்டா சொல்றோம் சார். கேக்கலன்னா நீங்களா ஆரம்பிக்காதீங்க. கம்முனு இருக்கணும்.”

மூன்றாம் நாள். சங்கத்து வாசலில் பந்தல், நான்கு நாற்காலி, பன்னீர் சோடா. மாவட்ட அலுவலகத்து அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், கையில் தடிமனான கோப்பு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு லாரிக்கு இரண்டு ஊர் என்பதைவிட ஒரு ஊர் வசதி என்று நினைக்கிற, கோப்பை மூடிவிட்டால் நிம்மதியாகத் தூங்குகிற ரகம்.

இங்கர் காஞ்சிபுரத்தில் பார்த்ததைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் அதிகாரி கோப்பைத் திறந்துகொண்டே, வழக்கமாகக் கேட்பது போலக் கேட்டார்: “இங்க தலைவி யாரும்மா?”

இங்கர் கேட்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் கேட்டுவிட்டார். அறுபத்து நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று, பந்தல் அதிர முழங்கினார்கள்:

“அய்யாம் லிட்டரு!”

பக்கத்துத் தொழுவத்தில் ஒரு மாடு மிரண்டு கத்தியது.

அதிகாரியின் முகம் கறுத்தது. “என்னம்மா இது, கேலியா? ஆளாளுக்குத் தலைவின்னா சங்கம் எப்படி உருப்படும்? இதுக்குத்தான் சொன்னேன், தனியா விட்டா சரிப்படாது, பக்கத்து ஊர்ச் சங்கத்தோட சேர்த்துடணும்னு.” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

கன்னியம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் சில சமயம் சாப்பிடும்போது நினைவுக்கு வரும். நான் இங்கரின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். “மேடம், தப்பு என்மேல். இருநூற்றுப் பத்து என்பது தலைவிகள் இல்லை. பால். அந்த அம்மா லிட்டரைச் சொன்னார். நீங்கள் லீடர் என்று கேட்டீர்கள்...”

இங்கர் என்னைப் புரியாமல் பார்த்தார். “ஆமாம். லீடர்தானே கேட்டேன்.”

“தலைவி...”

“தலைவியா? எதற்கு?” கையை நீட்டிப் பால் கேனைத் தட்டினார். “லீடர். இதில் நாற்பது லீடர் பிடிக்கும். பால் சங்கத்தில் வேறு எதைக் கேட்பேன்?”

டென்மார்க்கில் லிட்டரை அப்படித்தான் சொல்வார்களாம். மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர், எட்டு வயதிலிருந்து கறக்கிறவர் என்பதையும் அப்போதுதான் சொன்னார். ஒருத்தர் லீடர் என்றார், இன்னொருத்தர் லிட்டரு என்றார், இருவரும் ஒரே பாலைத்தான் பேசியிருக்கிறார்கள். அந்த ஊரில் முந்தாநாள் முதல் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள், அதற்காகச் சம்பளம் வாங்குகிற நான்.

ஆனால் அதிகாரியின் பேனா காகிதத்தில் பட்டுவிட்டது. “சார், ஒரு நிமிஷம், நடந்தது என்னன்னா...” என்று நான் அவர் பக்கம் ஓடினேன்.

“டென்மார்க் சார்” என்று கன்னியம்மாவின் குரல் வந்தது. “நீங்க கொஞ்சம் கம்முனு குந்துங்க.”

குந்தினேன்.

கன்னியம்மா முன்னால் வந்தார். “தலைவி நான்தான் சார், கையெழுத்துக்கு. ஆனா சங்கத்துச் சாவி என்கிட்ட இல்ல.”

அதிகாரி நிமிர்ந்தார். “பின்ன யார்கிட்ட?”

“இன்னிக்கு யாரு முறை?”

கூட்டத்திலிருந்து சலோமி எழுந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் காட்டினார்.

“ஒரு நாளைக்கு ஒருத்தி சார். அன்னிக்குக் கதவத் தொறக்கிறது, அளக்கிறது, பாலை டெஸ்ட்டு பாக்கிறது, எழுதறது, லாரிக்காரன்கூட சண்ட போடறது எல்லாம் அவதான். எம் பொண்ணு பொறந்தப்ப நான் ஆஸ்பத்திரில கெடந்தேன், மூணு நாளு சங்கம் தொறக்கவே இல்ல. பால தெருவுல ஊத்தினோம். அப்ப வெச்சதுதான் இந்த முறை. யாருக்கும் வேல தெரியாதுன்னு இருக்கக்கூடாதுன்னு.”

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. “எல்லாருக்கும் பால் டெஸ்ட் பண்ணத் தெரியுமா?”

“நீங்களே ஆளக் காட்டுங்க சார்.”

அவர் கடைசி வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரைக் காட்டினார். அந்த அம்மா துப்பிவிட்டு வந்து, பாலைக் குவளையில் ஊற்றி, நுரை அடங்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு, பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் கண்ணாடிக் குச்சியை மிதக்கவிட்டு, குனிந்து கண் மட்டத்தில் அளவைப் படித்துச் சொன்னார். அதிகாரி இன்னொருவரைக் காட்டினார். அவரும் வந்து, நுரை அடங்கக் காத்து, குனிந்து படித்தார். மூன்றாவதாக அவர் கை நீண்டபோது இங்கரே சிரித்துவிட்டார்.

“சரி, படிக்கத் தெரியுது” என்றார் அதிகாரி. “ஆனா தலைவி வீட்டுப் பால்ல தண்ணி இருந்தா, சொல்லத் தைரியம் வருமா? அதுக்குத்தான் மேல ஒரு ஆள் வேணும்ங்கறது.”

கன்னியம்மா தரையைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

“ரிட்டன் பண்ணிட்டேனே சார்” என்று ஒரு குரல். சலோமி. “போன வாட்டி என் முறை வந்தப்ப அக்கா வூட்டுப் பாலு தண்ணியா இருந்திச்சி. அண்ணன் ஊத்திகினு வந்திருந்தாரு. எடுத்துகினு போங்கண்ணே, இது குழம்புக்குக்கூட ஆவாதுன்னுட்டேன். நோட்டுலயும் எழுதிகீறேன்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பந்தல் காலோடு ஒட்டி நின்றிருந்த கன்னியம்மாவின் கணவர், ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தவராக மெல்லப் பின்வாங்கினார்.

“நெசந்தான் சார்” என்றார் கன்னியம்மா. “அந்த மனுஷனுக்கு ரெண்டு நாளு வூட்ல காபி இல்ல.”

அதிகாரி நோட்டைக் கேட்டார். சலோமி விரலை வைத்து அந்த வரியைக் காட்டினார். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். நான் குந்திய இடத்திலிருந்தே இங்கருக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாளில் அது ஒன்றைத்தான் நான் உருப்படியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

இங்கர் கேட்டார்: “பக்கத்து ஊர்ச் சங்கத்தில் பாலைச் சோதிப்பது யார்?”

“செயலாளர்” என்றார் அதிகாரி.

“அவருக்கு உடம்பு சரியில்லை என்றால்?”

அதிகாரி கோப்பைப் பார்த்தார். “லீவு” என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனாவைப் பையில் செருகிக்கொண்டார்.

இங்கர் முடிவை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். தொட்டி உண்டு. சங்கம் தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள். தொட்டி என்ற சைகையை அவர் கையிலேயே படித்துவிட்டார்கள்.

வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்தன. இங்கர் சட்னியை ஸ்பூனால் தின்றார். கன்னியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டில் இன்னும் இரண்டு பணியாரம் வைத்தார். “பயந்துட்டீங்களா சார்?”

“இல்லையே.”

“பொய்யி. முழங்காலு டைப்ரைட்டர் மாதிரி அடிச்சிகினு இருந்திச்சி.”

குளிர்த் துணியோடு வீடு திரும்புகிற மனசு எனக்கு இல்லை. ஸ்வெட்டரையும் இரவல் குல்லாவையும் சங்கத்து அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். தெருவுக்கு எப்படிப் பதில் சொன்னேன் என்பது வேறு கதை. போஸ்ட்மாஸ்டருக்குப் பர்மா பஜாரில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். டென்மார்க்கில் செய்தது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் சரோஜா சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போய்விடுவாள்.

ஆடி மாதம் தொட்டி வந்தது. ஐப்பசியில் கன்னியம்மாவிடமிருந்து ஆள் வந்தது, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருக்கிறது, வந்து படித்துச் சொல்ல வேண்டும் என்று. போனேன். டென்மார்க்கிலிருந்து இங்கர் எழுதியிருந்தார்: பெண்கள் சேர்ந்து நடத்தும் பால் பண்ணைகளைப் பார்க்கச் சங்கத்திலிருந்து ஒருவர் வரவேண்டும், செலவு அவர்களுடையது, அவர்கள் ஊர்ப் பெண் ஒருவர் அடுத்த வருஷம் இங்கே வந்து முறை இருப்பார். தலைவி என்ற முறையில் கன்னியம்மாதான் போவார் என்று நினைத்தேன். “ஒருத்தரக் கூப்பிட்டு கடுதாசி வரும்னு தொட்டி வந்தப்பவே ஆபீசரு சொன்னாரு. அதப் பிரிக்கிற அன்னிக்கு யாரு கையில சாவியோ, அவதான்னு பேசி வெச்சிட்டோம் சார்” என்றார் அவர். உறையின் மேல் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். கடிதம் ஊருக்கு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பிரித்தது அன்றைக்குத்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. சாவி சலோமியின் முந்தானையில் இருந்தது.

கார்த்திகை மாதம் சலோமி டென்மார்க் போனார். ஸ்வெட்டர் என்னுடையது. குல்லா வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.